அளக்கக் கூடாதவன்

ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் காலையில் நடக்கப் போகிறார்கள். நானும் போகிறேன். மற்றவர்கள் சர்க்கரையைக் குறைக்க நடக்கிறார்கள். நான் ஒரு மனிதரைப் பார்க்க நடக்கிறேன். என் பழைய அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அப்பால் கூரை ஒழுகும் ஒற்றை அறை. அந்த அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் அவர். ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். அவரும் பார்ப்பார். அதற்கப்புறம் எனக்குக் காலைச் சாப்பாடு அருமையாகச் செரிக்கிறது. பழிவாங்குவது உடம்புக்கு நல்லது என்று எந்த டாக்டரும் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. பாவம், அவர்களுக்கு அனுபவம் போதாது.

நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த இடம், நீர் எரிபொருள் உயர் ஆய்வு மையம். பெயரில் 'உயர்' இருந்ததால் கட்டடம் இரண்டு மாடி. தண்ணீரை ஊற்றினால் வண்டி ஓட வேண்டும், அதுதான் மையத்தின் லட்சியம். அந்தத் தண்ணீர் எங்களுக்கு தினமும் டீசல் லாரியில் வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒருவருக்கும் இது உறுத்தவில்லை. லாரி டிரைவர் மட்டும் கேட்டைத் தாண்டும்போது ஒரு மாதிரி இருமுவார்.

என் வேலை மேக்னட்ரான் மாற்றுவது. பெரிய பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஆறிப்போன சாப்பாட்டைச் சூடு பண்ணுகிற மைக்ரோவேவ் அடுப்பின் வயிற்றுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு சாமான் இருக்கும், அதுதான். நடுவில் ஒரு கம்பிச் சுருள். சூடேறினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். சுற்றிலும் செம்பு வளையம், அதில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். எலெக்ட்ரானுக்கு நேராகச் சுவருக்குப் போய்ச் சேர ஆசை. நாலாயிரம் வோல்ட் அதை இழுக்கிறது. ஆனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு காந்தங்கள் உட்கார்ந்துகொண்டு, 'நேரா எங்க போறே, சுத்திப் போ' என்று வளைத்துவிடும். அது அறை அறையாக வாசலை உரசிக்கொண்டே சுற்றும். காலி பாட்டில் வாயில் ஊதினால் 'ஊம்' என்கிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு அறையும் அதிரும். அந்த அதிர்வை ஒரு சின்ன ஆண்டெனா வெளியே தள்ளும். எதிரில் தண்ணீர் இருந்தால், தண்ணீர்த் துகள்கள் வினாடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி தடவை இப்படியும் அப்படியும் தலையாட்டிச் சூடாகும். எதிரில் தண்ணீர் இல்லையென்றால்? அனுப்பியதெல்லாம் திரும்பி வந்து மேக்னட்ரான் தன்னையே சுட்டுக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் மையமே ஒரு மேக்னட்ரான்தான். யாராவது ஒரு மனுவோடு நேராக உள்ளே போகப் பார்த்தால் இரண்டு காந்தங்கள் வளைத்துவிடும். மேல் காந்தம் இயக்குநர். நாங்கள் வைத்த பெயர் கொதிகலன். கீழ்க் காந்தம் துணை இயக்குநர், அவருக்கு ஆமாம்சாமி. மனு அறை அறையாக உரசிக்கொண்டு சுற்றும். ஒவ்வொரு அறையும் 'ஊம்' கொட்டும். கடைசியில் மனு போட்டவருக்கு மட்டும் சூடேறும்.

மையத்தின் பெருமை, 'நீர்வேந்தன்' என்ற கருவி. ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்கு மேல் ஒரு மேக்னட்ரான். மேக்னட்ரானின் அலை தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் கிழிக்கும், அதை எரித்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். காகிதத்தில் அப்படித்தான். நிஜத்தில் வெந்நீர் ஆவிதான் வந்தது. ஆவியில் சக்கரம் சோம்பேறித்தனமாகச் சுற்றியது, ஒரே ஒரு விளக்கு மினுக்கியது. ஆவி என்ற வார்த்தை மையத்தில் தடை செய்யப்பட்டிருந்தது; அதற்கு 'முன்நிலை ஹைட்ரஜன்' என்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். தண்ணீர் என்பதே ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல்தானே? சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமென்றால், அந்த விறகு எரிந்தபோது எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவையும், வழியில் வீணாவதற்கு மேற்கொண்டு கொஞ்சத்தையும் நாம் கொடுத்தாக வேண்டும். ஆனால் இரண்டாம் நிலைத் தொழில்நுட்பருக்குச் சந்தேகம் அனுமதிக்கப்படவில்லை. முதல் நிலைக்கு அரை சந்தேகம் உண்டு.

இங்கேதான் விதி பதினாலு வருகிறது. கருவியிலிருந்து வெளியே வருகிற சக்தியை எங்கள் கட்டடத்தில் எழுதுவார்கள்: தொண்ணூற்றாறு வாட். உள்ளே போகிற மின்சாரத்தை எழுத வேண்டியது வேலிக்கு அப்பாலுள்ள மீட்டர் அறை. அங்கே பத்தொன்பது வருஷமாக ஆள் இல்லை. ஆள் இல்லாததால் படிவம் வராது. கொதிகலன் பதவிக்கு வந்த முதல் வாரமே இதற்கு ஒரு விதி போட்டார்: 'வந்து சேராத விவரம் பூஜ்யம் எனக் கொள்ளப்படும்.' ஆக, வெளியே தொண்ணூற்றாறு, உள்ளே பூஜ்யம். வகுத்துப் பாருங்கள். பயனுறுதிறன் முடிவிலி! படுத்த எட்டு மாதிரி அந்தக் குறியைத் தங்க முலாம் பூசி, இயக்குநர் அறையின் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் அதை மூக்குக் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

என் ஓய்வுக்குப் பத்து மாதம் இருந்தபோது பதினோராவது மேக்னட்ரான் எரிந்துபோனது. ஏன் இப்படி வரிசையாகச் சாகிறது என்று பார்க்க என் கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். அது என் சொந்த மீட்டர். நண்டு மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வும். கவ்வினால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று சொல்லும். ஒயரை அறுக்கவும் வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம். கவ்வினேன். பார்த்தேன். பழக்க தோஷத்தில் நோட்டில் எழுதினேன்: 'உள்ளே ஆயிரத்து அறுநூறு வாட். வெளியே தொண்ணூற்றாறு வாட். பயனுறுதிறன் ஆறு சதவீதம்.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவ்வளவு அப்பாவி.

மறுநாள் கூப்பிட்டுவிட்டார்கள். கொதிகலன் நாற்காலியில், ஆமாம்சாமி அதன் பக்கத்தில் நின்றபடி.

"ஏன்யா, முந்தாநாள் வரைக்கும் நீர்வேந்தனோட திறன் என்ன?"

"முடிவிலின்னு போட்டிருக்குங்க சார்."

"இன்னிக்கு என்ன?"

"ஆறுங்க."

"முடிவிலியிலேருந்து ஆறுக்கு யார் இறக்கினது?"

"யாரும் இறக்கலைங்க சார். நான் அளந்தேன், அவ்வளவுதான்."

"அளக்கறதுக்கு முன்னாடி முடிவிலி. அளந்ததுக்கு அப்புறம் ஆறு. நடுவுல நடந்தது என்ன?"

"அளந்தது."

"அளந்தது யாரு?"

"நான்தாங்க."

கொதிகலன் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒத்துக்கிட்டான். எழுதிக்குங்க."

"எழுதிட்டேன் சார்," என்றார் ஆமாம்சாமி. அவர் முதல் நாளே எழுதி வைத்திருந்தார்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை எனக்கு வந்தது. 'எல்லையற்றதாக இருந்த கருவியின் திறனை, அளத்தல் என்னும் செயலால் தொண்ணூற்று நான்கு சதவீதத்துக்கும் மேலாகச் சேதப்படுத்தியுள்ளீர். சேதத்தை ஈடுகட்டும் வகை யாது?' மூன்று பக்கம். முடிவிலியிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கிட்டுச் சொல்ல ஒரு துணைக்குழு வேறு.

பிறகு விசாரணை. உண்மையைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கொதிகலனே முடிவு செய்தார். ஆமாம்சாமி என் மீட்டரை எடுத்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, தடித்த கேபிளை அப்படியே முழுசாகக் கவ்வ வைத்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

அறையே கை தட்டியது.

"சார், அப்படிக் கவ்வக் கூடாதுங்க," என்றேன். "கேபிளுக்குள்ள ரெண்டு ஒயர் இருக்கு. ஒண்ணுல கரண்ட் போகுது, இன்னொண்ணுல திரும்பி வருது. ரெண்டையும் சேர்த்துக் கவ்வினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் பூஜ்யம்தான் காட்டும். பிரிச்சு, ஒரு ஒயரை மட்டும் கவ்வணும்."

கொதிகலன் எழுந்து நின்றார். உரையாற்றுவதற்கு முன் எப்போதும் எழுந்துவிடுவார். உட்கார்ந்தபடி பேசினால் எங்களுக்குப் புரிந்துவிடும் என்று பயம்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் சமம்னு இவனே சொல்றான். அப்ப போனது முழுக்கத் திரும்பி வந்துடுதுன்னுதானே அர்த்தம்? நாம எதையும் செலவழிக்கலை. இதைவிட என்ன சான்று வேணும்?"

"வேண்டாம் சார்," என்றார் ஆமாம்சாமி.

தீர்ப்பில் மூன்று அம்சம். என் பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில், 'அளக்கும் பழக்கமுடையவர். நம்பத் தகாதவர்' என்று எழுதினார்கள். என் மீட்டரைப் பறித்துக் கண்ணாடி அலமாரியில் முடிவிலிக்குப் பக்கத்தில் வைத்து, 'சதிக் கருவி' என்று சீட்டு ஒட்டினார்கள். என்னை மேக்னட்ரான் மேஜையிலிருந்து தூக்கி, தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்குப் போட்டார்கள். உத்தரவின் கடைசி வரி: 'இவர் இனி எதையும், எவ்விதத்திலும், அளக்கலாகாது.'

இனி யாராவது பிளக்கைப் பிடுங்கி உள்ளே போகிற மின்சாரத்தை ஆராயக் கூடாது என்று இன்னொன்றும் செய்தார்கள். கட்டடத்தில் பெரிய பிளக் செருக ஒரே இடம்தான், இயக்குநர் அறையில் அலமாரிக்குப் பின்னால். அந்தப் பிளக்கை இரும்புக் கம்பி போட்டு அலமாரியின் காலோடு இறுக்கிக் கட்டினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி தையல்காரி. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். உத்தரவைப் படித்துவிட்டு நாடாவைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"ஏங்க, அளக்காம நான் ஒரு சட்டை தச்சுத் தர்றேன். அந்தாளைப் போட்டுக்கச் சொல்லுங்க. ஒரு கை முழங்காலுக்கு வரட்டும்."

"விளையாடாதே. இன்னும் பத்து மாசம். அந்தச் சிவப்பு எழுத்தோட நான் வெளிய வந்தா, முப்பத்தொரு வருஷமும் கோளாறு புடிச்சவன்னுதான் இருக்கும். எனக்கு மீட்டர் திரும்பி வரணும். அந்த வரியை அவர் கையாலயே அடிக்கணும்."

"கெஞ்சினா அடிப்பாரா?"

"மாட்டார்."

"அப்ப கெஞ்சாதீங்க. அளக்காதேன்னுதானே சொல்லியிருக்காரு? அளக்காதீங்க. ஒரு இம்மிகூட அளக்காதீங்க. அவரே வந்து அளந்து தொலைங்கய்யான்னு கதறணும்." நாடாவை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். "என்கிட்ட வந்து கதை அளக்கறதை மட்டும் விட்டுடாதீங்க. அது இல்லாம எனக்குப் பொழுது போகாது."

மறுநாள் பதினொன்றரை மணிக்கு அலுவலகம் போனேன். ஏன் தாமதம் என்றார்கள். நேரம் பார்ப்பது அளப்பதாகுமா என்று விளக்கம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மனு மூன்று வாரம் அறை அறையாகச் சுற்றியது. நானும் மூன்று வாரம் பதினொன்றரைக்கே வந்தேன். பதில் வந்தது: 'கடிகாரத்தைப் பார்க்கலாம். மணியைத் தெரிந்துகொள்ளக் கூடாது.'

அடுத்து, தண்ணீர். தொட்டியில் எவ்வளவு ஊற்ற வேண்டும்? எட்டு லிட்டர். எட்டு என்று நான் எப்படி அறிவேன்? முதல் நாள் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கருவி அறையிலிருந்து வராந்தாப் படிகள் வழியாகத் தண்ணீர் இறங்கி வாசலில் செருப்புகளை மிதக்க விட்டது. இரண்டாம் நாள் ஒரு சொட்டு ஊற்றினேன். கொதிகலன் கைப்பட எழுதினார்: 'அளவு வேண்டாம். உணர்வுக்கேற்ப ஊற்றுக.' அந்தத் தாளைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இதற்குள் கொதிகலனுக்கு இந்த உத்தரவின் மேல் காதலே வந்துவிட்டது. ஒருவன் அளக்காததாலேயே இவ்வளவு நிம்மதி என்றால், எல்லோரும் அளக்காவிட்டால்? மையம் முழுக்க உத்தரவை விரித்தார். ஸ்கேல், தராசு, தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் பிடுங்கி அலமாரியில் பூட்டினார்கள். மையத்து மருத்துவர் நோயாளியின் நெற்றியைத் தொட்டுவிட்டு, "காய்ச்சல் இருக்கும்னு நம்பறேன்" என்று மருந்து எழுதினார். மாடியில் புதிதாகப் போட்ட கதவு நிலைக்குள் போகவில்லை. கதவைச் சுவரில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் நின்று எல்லோரும் கதவைத் தட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த வெறும் நிலை வழியாக உள்ளே போனார்கள். ஆராய்ச்சி முடிவுகள் மட்டும் முன்னெப்போதையும் விட நன்றாக வந்தன.

அப்புறம்தான் அந்தச் சேதி வந்தது. மையத்துக்கு 'உயர்' என்பதற்குப் பதிலாக 'மீயுயர்' என்ற பட்டம் தரலாமா என்று பார்க்க ஒரு குழு வருகிறது. கொதிகலன் அறிவித்துவிட்டார்: நீர்வேந்தனை ஒரு வண்டியில் பொருத்தி, வராந்தாவிலிருந்து வாசல் கேட் வரை ஓட்டிக் காட்டுவோம்.

ஆமாம்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வண்டிக்குக் கொஞ்சம் உதவி மின்சாரம் வேணும்."

"எதுக்குங்க சார்? தண்ணிலதானே ஓடுது?"

"தண்ணிலதான் ஓடுது. தண்ணிக்குத் தைரியம் குடுக்க. என் அறை... இல்லை, இயக்குநர் அறை பிளக்குலேருந்து ஜன்னல் வழியா ஒரு கேபிள் வரணும். ரோட்டு நிறத்துல பெயின்ட் அடிச்சுடு. கேட் வரைக்கும் எட்டணும்."

"எவ்வளவு நீளங்க?"

"கேட் வரைக்கும்யா!"

"அளந்து பார்க்கட்டுமா?"

உள்ளே இருந்து கொதிகலன் கத்தினார். "உத்தரவு மறந்துபோச்சா? அளந்தா மறுபடி ஆறு, ஏழுன்னு ஏதாவது வந்து நிக்கும்!"

"எழுதிக் குடுத்துடுங்க சார்."

எழுதிக் கொடுத்தார்: 'கேபிளை அளக்காமல் கொண்டுவருக.' சட்டைப் பையில் இரண்டாவது தாள்.

ஸ்டோரில் இரண்டு கேபிள் சுருள் கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இன்னொன்றைத் தூக்க முடிந்தது. ஓய்வுக்குக் காத்திருக்கிற கிழவன் நான். தூக்க முடிந்ததைத் தூக்கி வந்து, அலமாரிக் காலோடு கட்டியிருந்த பிளக்கின் ஒயரிலேயே இணைத்தேன். முப்பத்தொரு வருஷம் கேபிள் தூக்கிய தோளுக்கு எந்தச் சுருளில் எவ்வளவு இருக்கும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தோள் ஏதோ சொன்னது. அளக்கலாகாது என்று உத்தரவு இருந்ததால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழுத் தலைவி குள்ளமான பெண்மணி. கையில் ஒரு குடை, கையிடுக்கில் எங்கள் மையம் அனுப்பிய தடித்த கோப்பு. அதிகம் பேசவில்லை; அதனாலேயே அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினார்கள். கொதிகலன் வராந்தாவில் நின்று முழங்கினார்.

"மேடம், இந்த மையம் எதையும் வெளியிலேருந்து எடுத்துக்கறதில்லை. வெளியிலேருந்து வர்ற எந்தத் தகவலும் எங்களைத் தொட்டதே இல்லை. மத்தவங்க ஆராய்ச்சி பண்ணி முடிவுக்கு வருவாங்க. எங்களுக்கு முதல் நாளே முடிவு கைல இருந்தது. அதுக்கு அப்புறம் நிதானமா ஆராய்ச்சி பண்ணினோம்!"

குழுத் தலைவி தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. ஆமாம்சாமி வெள்ளைக் கையுறையோடு ஓட்டினார். குழந்தை தவழ்கிற வேகம். வண்டியின் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பாம்பு தரையோடு தரையாக ஊர்ந்தது.

"பாருங்க மேடம், ஆவி... முன்நிலை ஹைட்ரஜன்கூட வெளிய வரலை. அவ்வளவு சுத்தம்!" என்றார் கொதிகலன்.

வண்டி பாதி வழியைத் தாண்டியது. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. திடீரென்று பாம்பு தரையை விட்டு எழுந்தது. ஜன்னலிலிருந்து வண்டி வரைக்கும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி, இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றது. இயக்குநர் அறைக்குள் ஏதோ பெரிதாக நகர்கிற சத்தம். பிளக் கழன்றிருக்க வேண்டும். ஆனால் அதைத்தான் அலமாரிக் காலோடு கட்டியிருந்தார்களே! அலமாரியே கிளம்பி வந்து ஜன்னலில் முட்டி, கண்ணாடியெல்லாம் நொறுங்கி, அதிலிருந்த கேடயங்களும் ஸ்கேல்களும் தெர்மாமீட்டர்களும் பூந்தொட்டிகள் மேல் பொழிந்தன. தங்க முடிவிலி படிகளில் உருண்டு, ஒவ்வொரு படியிலும் 'டிங்' என்று சொல்லிவிட்டு, தரையில் எழுந்து நின்று சாதாரண எட்டாக ஆனது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. மற்ற இடங்களில் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறேன், இதை இல்லை.

வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

குழுத் தலைவி குடை நுனியால் கேபிளைத் தொட்டார். "இது என்ன?"

கொதிகலனுக்கு வியர்த்தது. ஆனாலும் கொதிகலன் கொதிகலன்தான். "அது... பிடிகயிறு மேடம். தண்ணி சக்தி ரொம்ப அதிகம். வண்டி ஓடிப்போயிடாம இருக்கக் கட்டி வெச்சிருக்கோம்."

"அப்படியா? அப்ப அறுத்து விடுங்களேன், எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பார்ப்போம்."

"வேண்டாம்!" என்று இரண்டு காந்தங்களும் ஒரே நேரத்தில் அலறின.

அவர் குனிந்து பூந்தொட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். என் மீட்டர். வாலில் 'சதிக் கருவி' சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "இது யாரோடது?"

"என்னுதுங்க மேடம்."

"ஓ, அளந்தவர் நீங்கதானா?" கோப்பைத் தட்டினார். "ஒழுங்கு நடவடிக்கைன்னு தலைப்புப் போட்டு உங்க குறிப்பாணையைப் பெருமையா முதல் பக்கத்துலயே வெச்சிருக்காங்க. கோப்பு முழுக்கப் படிச்சேன். முப்பது வருஷத்துல இங்க எடுத்த ஒரே அளவு உங்களோடதுதான். கொஞ்சம் அளந்து காட்டுங்க."

"எனக்கு அனுமதி இல்லைங்க மேடம்."

அவர் கொதிகலனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் அவசரப்படவில்லை. வண்டிச் சக்கரம் கரகரவென்று சுற்றியது. கொதிகலனின் வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

"அளந்து தொலைங்கய்யா!"

என் மனைவி சொன்ன அதே வார்த்தை. கண் நிறைந்துவிட்டது. கேபிளின் மேல்தோலைக் கீறி, இரண்டு ஒயரையும் பிரித்து, ஒன்றை மட்டும் கவ்வினேன். "பதினாலு ஆம்பியருங்க மேடம். இவ்வளவும் அந்த அறை பிளக்குலேருந்து வருது."

"சரி. தண்ணி எவ்வளவு செலவாச்சு?"

"தண்ணிங்களா?" நான் முதல் தாளை எடுத்து நீட்டினேன். "உணர்வுக்கேற்ப ஊத்தச் சொல்லி உத்தரவு. இன்னிக்குக் காலைலேருந்து எனக்கு ஒரு உணர்வும் வரலைங்க. நான் ஊத்தவே இல்லை."

வெறும் தொட்டியோடு தண்ணீர் வண்டி அத்தனை தூரம் ஓடியிருந்தது. அந்த நேரம் பார்த்து வண்டிக்குள் 'பட்' என்றது. கருகல் நாற்றம். வாங்கிக்கொள்ள எதிரில் தண்ணீர் இல்லாமல், பன்னிரண்டாவது மேக்னட்ரான் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தது. ஆமாம்சாமி கையுறையோடு குதித்து ஓடினார். அந்த மையத்திலிருந்து அதுவரை கிளம்பியவற்றிலேயே அதிக வேகமாகப் போனது அவர்தான்.

குழுத் தலைவி அங்கேயே பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்பு வரியைக் கொதிகலன் தன் கையாலேயே அடித்தார். கோடு நேராக வரவில்லை. ஸ்கேல் எல்லாம் பூந்தொட்டியில் கிடந்தது. அவர்கள் போன பிறகு நான் ஆற அமர உட்கார்ந்து, பூந்தொட்டியில் கிடந்த அளவு நாடா ஒன்றை விரித்து, கேபிளை அளந்தேன். நாற்பத்து மூன்று மீட்டர். கேட் வரை அறுபது. நோட்டில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மையத்தை மூடிவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு அமைப்புகளைப் பற்றித் தெரியாது. ஆமாம்சாமி பொறுப்பு இயக்குநர் ஆனார். புதுக் கருவி காற்றில் ஓடுமாம். விதி பதினாலு அப்படியே இருக்கிறது. அதை நீக்குவதற்கு வேண்டிய விவரம் இன்னும் வந்து சேரவில்லை. குழுவின் அறிக்கைப்படி ஒரே ஒரு மாற்றம்: உள்ளே போகிற மின்சாரத்தை தினமும் குறித்து அனுப்ப ஒரு மூத்த அதிகாரி வேண்டும். வேலிக்கு அப்பாலுள்ள மீட்டர் அறையில் கொதிகலனை உட்கார வைத்தார்கள். தினமும் படிவம் அனுப்புகிறார். கூடவே, தன்னைப் பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லி மனுவும் அனுப்புகிறார். அந்த அறையிலிருந்து எதுவும் எப்போதும் வந்து சேர்ந்ததில்லை. வந்து சேராதது பூஜ்யம்.

நேற்றுக் காலை ஜன்னல் கம்பி வழியாக அவர் கை நீண்டது. கையில் சுருட்டிய மனு.

"நீங்க அந்தப் பக்கமாத்தானே போறீங்க? இதை மட்டும் அங்க சேர்த்துடுங்க. நான் போடறது எதுவும் போய்ச் சேர மாட்டேங்குது."

நீங்க! ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் 'ஏன்யா'. பையிலிருந்து என் மீட்டரை எடுத்தேன். அந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை, அழகாக இருக்கிறது. வாயைத் திறந்து மனுச் சுருளை அப்படியே முழுசாகக் கவ்வ வைத்தேன். அவர் கம்பியில் முகத்தைப் பதித்து ஆவலோடு பார்த்தார்.

"என்ன காட்டுது?"

"பூஜ்யம்ங்க சார்."

"அப்படிச் சேர்த்துக் கவ்வினா பூஜ்யம்தான் காட்டும்! போறது, வர்றது ரெண்டையும் பிரிச்சு..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போனது முழுக்கத் திரும்பி வந்துடுதுன்னு அர்த்தம் சார்," என்றேன். சுருளை மெதுவாகக் கம்பி வழியாக உள்ளே தள்ளினேன். "இதைவிட என்ன சான்று வேணும்?"

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சாப்பிட்டேன்.